பிராங்க்ளினும் அவர் நண்பர்களும்

பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்கள் அடிக்கடி கூறும் குறை ஒன்று உண்டு. வேலை மிகுந்துவிட்டது, பழைய சிநேகிதர்களைப் பார்க்க அவகாசம் இல்லை என்பதே அது. கூட்டம், கமிட்டி, கடிதம், பிரயாணம் என்று நாட்கள் ஓடுகின்றன. நண்பர் வீட்டுத் திண்ணையில் ஒரு நாழிகை உட்கார்ந்து பேசுவதும் கடமையினின்று தவறுவதாகத் தோன்றிவிடுகிறது. வேலை சற்றுக் குறையட்டும், பிறகு பார்த்துக்கொள்வோம் என்று தள்ளி வைக்கிறோம். வேலை குறைவதில்லை, நண்பர்கள்தாம் குறைந்து போகிறார்கள். தேசத் தொண்டில் தலைநரைத்த பலர் கடைசிக் காலத்தில் தனியராய் நிற்பதற்கு இதுவே காரணம் என்று நாம் கருதுகிறோம்.

இந்தக் குறையைக் கூறிக்கொள்ள மற்றெவரையும்விட அதிக உரிமை படைத்திருந்த ஒருவரின் சரித்திரத்தை இன்று நமது நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். அவரே பெஞ்சமின் பிராங்க்ளின். அச்சுத் தொழிலாளியாகத் தொடங்கிப் பத்திராதிபராகவும், தபால் அதிகாரியாகவும், மின்சார சாஸ்திரத்தில் புதுமை கண்ட விஞ்ஞானியாகவும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தூதராகவும் விளங்கியவர் அவர். அந்நாட்டின் சுதந்திரப் பிரகடனத்திலும், பிரான்ஸுடன் செய்துகொண்ட நேச உடன்படிக்கையிலும், பிரிட்டனுடன் செய்த சமாதான உடன்படிக்கையிலும், பின்னர் எழுந்த அரசியல் சட்டத்திலும் அவர் கையெழுத்து இருக்கிறது. இத்தனை வேலைக்கு நடுவில் அவர் தமது நண்பர்களுக்கு எவ்வாறு நேரம் கண்டார், எங்கே தவறினார் என்பதே நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

பிராங்க்ளின் 1706-ம் வருஷம் ஜனவரி மாதம் 17-ந் தேதி பாஸ்டன் நகரில் பிறந்தார். தகப்பனார் மெழுகுவத்தியும் சோப்பும் காய்ச்சி விற்று ஜீவனம் செய்தவர். அவருக்குப் பிறந்த பதினேழு குழந்தைகளில் ஆண்மக்களுள் கடைசியானவர் பெஞ்சமின். பள்ளிக்கூடப் படிப்பு இரண்டே வருஷம். 12-வது வயதில் தமையன் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் தொழில் பயிலச் சேர்ந்தார். தமையனுடைய கண்டிப்பும் அடியும் பொறுக்கமாட்டாமல் 1723-ம் வருஷத்தில், 17-வது வயதில், வீட்டை விட்டு ஓடிப் பிலடெல்பியா நகரை அடைந்தார். அந்த நகரில் அப்போது அவருக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

சிநேகத்தில் அவர் பெற்ற முதல் அனுபவங்கள் இனியவை அல்ல. பாஸ்டனில் அவரோடு புத்தகங்களைப் பற்றித் தர்க்கித்து வந்த காலின்ஸ் என்ற இளைஞர் பின்னர் குடிக்கு அடிமையானார். பிராங்க்ளின் வேறொருவருக்காக வசூலித்து வைத்திருந்த பணத்திலிருந்து சிறுகச் சிறுகக் கடன் வாங்கினார். கடைசியில் பார்படோஸ் தீவுக்குக் கப்பலேறிப் போனார். பணமும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. மற்றொருவர் ஜேம்ஸ் ரால்ப்; கவிதை எழுதி வாழலாம் என்று எண்ணியவர். 1724-ல் மனைவியையும் குழந்தையையும் விட்டுவிட்டுப் பிராங்க்ளினுடன் லண்டனுக்குப் போனார். அங்கே பிராங்க்ளின் அச்சுக்கூடத்தில் உழைத்துச் சம்பாதித்ததில் 27 பவுன் ரால்பின் செலவுக்கே போயிற்று. ஆனால் அந்தச் சிநேகம் முறிந்த பழி ரால்பைச் சேர்ந்தது அன்று. ரால்ப் வெளியூர் சென்றிருந்த சமயத்தில் அவருக்கு வேண்டிய ஒரு பெண்ணிடம் பிராங்க்ளின் முறைதவறி நடக்க முயன்றார், அவள் இடங்கொடுக்கவில்லை. விஷயம் தெரிந்ததும் ரால்ப் உறவை அறுத்துக்கொண்டார். கடனும் தீர்ந்ததென்று சொல்லிவிட்டார். பிராங்க்ளின் தம் சுயசரிதையில் இதைத் தமது பிழைகளுள் ஒன்றாக ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். நண்பர்களால் ஏமாந்தவரும், நண்பரைத் தாமே ஏமாற்றியவருமான அந்த இளைஞர் 1726-ல் பிலடெல்பியாவுக்குத் திரும்பினார்.

இத்தகைய அனுபவம் பெற்றவர்கள் பெரும்பாலும் சிநேகமே வேண்டாம் என்று தொழிலில் முழுகிவிடுவார்கள். பிராங்க்ளின் வேறு வழியில் சென்றார். 1727-ம் வருஷம் இலையுதிர் காலத்தில், வயது 21 ஆனபோது, தமக்குத் தெரிந்த இளைஞர்களைச் சேர்த்து ஒரு சிறு சங்கம் கண்டார். அதன் பெயர் ஜுண்டோ. வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் அது கூடும். முதலில் ஒரு மதுக்கடையிலும், பிறகு ராபர்ட் கிரேஸ் என்ற அங்கத்தினர் தம் வீட்டில் ஒதுக்கித் தந்த அறையிலும் கூடிற்று.

அதில் யார் யார் இருந்தார்கள் என்பதைப் பார்த்தால் அதன் தன்மை விளங்கும். ஜோசப் பிரெண்ட்னால் பத்திரங்களுக்கு நகல் எழுதிப் பிழைத்தவர். தாமஸ் காட்பிரே ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்தும் தொழிலாளி. தாமே கணிதம் பயின்று மாலுமிகளுக்கு உதவும் கருவியொன்றைக் கண்டுபிடித்தவர். நிக்கலஸ் ஸ்கல் நிலம் அளப்பவர். வில்லியம் பார்ஸன்ஸ் செருப்புத் தைக்கும் தொழிலில் பழகியவர். மாக்ரிட்ஜ் தச்சர். மெரிடித், பாட்ஸ், வெப் ஆகிய மூவரும் பிராங்க்ளினுடன் அச்சுக்கூடத்தில் வேலை செய்தவர்கள். கோல்மன் ஒரு வியாபாரியிடம் குமாஸ்தா. கிரேஸ் ஒருவர்தாம் செல்வர். பகல் முழுதும் கையால் உழைத்தவர்களே அங்கே பெரும்பாலோர். ஓய்வு மிகுந்து பொழுது போகாதவர்கள் கூடிய கூட்டம் அன்று அது.

கூடிய இடத்தில் வெறும் பேச்சுக்கு இடமில்லை. ஒழுக்கம், அரசியல், இயற்கை சாஸ்திரம் இவற்றில் ஏதேனும் ஒன்றைப் பற்றி முறை வைத்து ஒவ்வொருவரும் கேள்வி கொண்டுவர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரும் தாமே எழுதிய வியாசம் ஒன்றைப் படிக்க வேண்டும். உண்மையை அறியும் நோக்கத்தோடு தர்க்கிக்கலாம், வெற்றிக்காக வாதாடலாகாது. ஒருவர் சொன்னதை நேருக்கு நேர் மறுத்தாலும், தம் கருத்தே முடிவானது என்று அடித்துப் பேசினாலும் சிறு தொகை அபராதம். ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பதற்கென்று 24 கேள்விகள் ஏற்பட்டிருந்தன. ஊரில் புதிதாய்த் தொழில் தொடங்கியவர் யார், நொடித்துப் போனவர் யார், அதற்குக் காரணம் என்ன, நல்ல காரியம் செய்து பாராட்டத்தக்கவர் யார், அங்கத்தினர்களில் எவருக்கு எவ்வகையில் உதவலாம் என்பன போன்றவை அவை. கேள்விக்கும் கேள்விக்கும் நடுவே ஒரு கிண்ணம் திராட்ச ரசம் அருந்தும் அளவுக்கு இடைவேளை உண்டு.

இந்தக் கூட்டத்தில் நண்பர்களுக்கு வாரத்தில் ஒரு மாலை குறிக்கப்பட்டிருந்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். மற்ற வேலைகள் முடிந்து மிச்சம் ஏதேனும் இருந்தால் சந்திப்போம் என்று பிராங்க்ளின் விட்டிருந்தால், வெள்ளிக்கிழமைகளை அச்சுக்கூடமே விழுங்கியிருக்கும். ஏனெனில், அந்தக் காலத்தில் அவர் உழைத்த உழைப்பு சாமானியம் அன்று. 1728-ல் மெரிடித்துடன் கூட்டாகச் சொந்த அச்சுக்கூடம் வைத்தார். குவேக்கர் மதத்தாரின் சரித்திரத்தில் 40 தாள் அச்சிடும் வேலையை நண்பர் பிரெண்ட்னால் வாங்கிக் கொடுத்தார். நாளொன்றுக்கு ஒரு தாள் கோத்து முடிப்பது என்று பிராங்க்ளின் விரதம் பூண்டார். கோத்த எழுத்துக்களைப் பிரித்துப் போட்டு மறுநாள் வேலைக்கு ஆயத்தம் செய்வதற்குள் இரவு 11 மணி ஆகிவிடும். ஓர் இரவு கோத்து வைத்த பக்கங்கள் இரண்டு தவறிச் சிதறிப்போயின. அவற்றை அப்போதே மறுபடி கோத்து முடித்த பிறகே படுக்கப் போனார். அப்படிப்பட்டவரும் வெள்ளிக்கிழமை மாலையை வேலைக்கு விட்டுக்கொடுக்கவில்லை.

அதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. அச்சுக்கூடத்துக்கு வாங்கிய சாமான்களின் விலையில் 100 பவுன் பாக்கி நின்றது. பணம் தருவதாக ஏற்றிருந்த மெரிடித்தின் தகப்பனாரால் கொடுக்க இயலவில்லை. கடன்காரர் வழக்குத் தொடர்ந்தார். இயந்திரமும் எழுத்துக்களும் ஏலத்துக்குப் போகும் நிலை. அச்சமயத்தில் கோல்மனும் கிரேஸும் பிராங்க்ளினைத் தேடி வந்தார்கள். ஒருவர் வந்தது மற்றவருக்குத் தெரியாது. இருவரையும் அவர் கேட்கவுமில்லை. தொழிலைத் தனியே ஏற்று நடத்துவதற்கு வேண்டிய பணம் முழுவதையும் தாமே தருவதாக இருவரும் தனித்தனியே சொன்னார்கள். ஒருவரிடம் வாங்கினால் மற்றவர் வருந்துவாரே என்று பிராங்க்ளின் ஆளுக்குப் பாதியாகப் பெற்றுக்கொண்டார். விவசாயத்தில் மனம் வைத்த மெரிடித்தோடு சண்டை இல்லாமல் கணக்குத் தீர்த்து 1730-ல் பிரிந்தார். உலகம் அறிந்த பிராங்க்ளின் அந்த இரு நண்பர்களின் உதவியால் எழுந்தவர் என்று கூறினால் மிகையாகாது.

பிலடெல்பியாவுக்கு அவர் செய்த நன்மைகள் பலவும் இந்த நட்பிலிருந்தே பிறந்தன. தர்க்கத்துக்கு வேண்டிய புத்தகங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் கிடப்பதை விட ஒரே இடத்தில் இருந்தால் நல்லது என்று ஜுண்டோவினர் தம் புத்தகங்களைக் கிரேஸ் வீட்டு அறையில் கொண்டுவந்து வைத்தார்கள். சரியாகப் பேணுவாரில்லாமல் ஒரு வருஷத்தில் அந்த ஏற்பாடு கலைந்தது. அந்தத் தோல்வியிலிருந்தே 1731-ல் சந்தாதாரர் புத்தகசாலை தோன்றியது. ஐம்பது பேர் ஆளுக்கு 40 ஷில்லிங் முதலில் செலுத்திப் பிறகு வருஷத்துக்குப் 10 ஷில்லிங் கொடுப்பது என்று ஏற்பாடு. அந்தப் புத்தகசாலை இன்றும் அந்நகரில் இருக்கிறது. 1736-ல் தீயணைப்புச் சங்கம் ஒன்று எழுந்தது. முப்பது பேர் கொண்ட அந்தச் சங்கத்தார் தோல் வாளிகளோடு எப்போதும் ஆயத்தமாக இருப்பதோடு, மாதம் ஒரு முறை மாலையில் கூடிப் பேசி மகிழவும் வேண்டும். வராதவர்களிடம் வாங்கிய அபராதத் தொகையே ஏணிகளும் நீர் இறைக்கும் இயந்திரங்களும் வாங்க உதவிற்று. 1751-ல் ஏற்பட்ட ஆஸ்பத்திரியோ நண்பர் டாக்டர் தாமஸ் பாண்டின் யோசனை. அதன் புகழைப் பலர் தமக்கே தர விரும்பியபோதும், மூலபுருஷர் பாண்டே என்று பிராங்க்ளின் எழுதி வைத்தார்.

பிராங்க்ளின் நாட்பொழுதைப் பங்கிட்டு ஓர் அட்டவணை வகுத்துக்கொண்டது யாவரும் அறிந்ததே. காலை 5 மணிக்கு எழுவது, 8 முதல் 12 வரை வேலை, 2 முதல் 6 வரை மறுபடி வேலை என்று அது செல்கிறது. சுறுசுறுப்புக்கு உதாரணமாக நம்மவர் பலர் அதை எடுத்துக்காட்டுவதுண்டு. ஆனால் அதே அட்டவணையில் மாலை 6 மணிக்கு மேல் சாப்பாட்டோடு சங்கீதமும் சம்பாஷணையும் குறிக்கப்பட்டிருப்பதை எடுத்துக்காட்டுவோர் சிலரே. பேச்சும் அவருக்கு நாளின் கடமைகளுள் ஒன்றாக இருந்தது. அந்த அட்டவணையின்படி நடப்பது தமக்கு மிகக் கடினமாயிருந்தது என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார். வாடிக்கைக்காரர்கள் தங்களுக்கு வசதியான நேரத்தில் வருவார்கள். அவர்களைக் காக்க வைக்க முடியாது. ஆகவே, ஒழுங்கான நேரம் வாய்த்தவர் என்று அவரை எண்ணிவிடலாகாது. வாய்க்காத நிலையிலும் ஒரு மாலையை அவர் காத்துக்கொண்டார்.

1748-ல், 42-வது வயதில், அச்சுக்கூடத்தைக் கூட்டாளி டேவிட் ஹாலிடம் ஒப்படைத்துவிட்டுப் பிராங்க்ளின் தொழிலிலிருந்து விலகினார். அந்த ஹாலும் நட்பினால் வந்தவரே. லண்டன் அச்சுக்கூடத் தலைவர் வில்லியம் ஸ்ட்ராஹன் 1744-ல் அனுப்பிவைத்தவர் அவர். அதற்கு முந்திய வருஷத்திலேயே ஸ்ட்ராஹனுக்கும் பிராங்க்ளினுக்கும் கடிதப் போக்குவரத்து ஏற்பட்டிருந்தது. ஆயினும் இருவரும் நேரில் சந்தித்தது 1757-ல்தான். பதினான்கு வருஷம் முகம் காணாமலே நெருங்கிய சிநேகிதராய் இருந்தார்கள்.

அவருடைய மின்சார ஆராய்ச்சியும் தனி மனிதரின் தவம் அன்று. லண்டனிலிருந்த பீட்டர் காலின்ஸன் புத்தகசாலைக்குக் கண்ணாடிக் குழாய் ஒன்றை அன்பளிப்பாக அனுப்பியதே அதன் தொடக்கம். பிலிப் ஸிங், தாமஸ் ஹாப்கின்ஸன், எபனேஸர் கின்னர்ஸ்லி என்ற மூன்று நண்பர்கள் பிராங்க்ளினுடன் சேர்ந்து சோதனைகள் செய்தார்கள். ஒவ்வொருவரும் கண்டது இன்னது என்று அவரவர் பெயரைச் சொல்லியே பிராங்க்ளின் காலின்ஸனுக்கு எழுதினார். அக்கடிதங்களே 1751-ல் லண்டனில் புத்தகமாக வெளிவந்து அவர் புகழை ஐரோப்பா எங்கும் பரப்பின. தொழில் இல்லாமல் இருந்த கின்னர்ஸ்லி ஊர் ஊராகச் சென்று சோதனைகளைக் காட்டிப் பிரசங்கம் செய்து சம்பாதிக்க வழி செய்து கொடுத்தவரும் அவரே.

1757-ல் பென்ஸில்வேனியா சட்டசபை தன் வழக்கைப் பேசுவதற்காக அவரை லண்டனுக்கு அனுப்பியது. 1762-ல் திரும்பினார், 1764-ல் மீண்டும் சென்றார். இரண்டாம் முறை திரும்பி வந்தது 1775-ல். சமுத்திரத்தைக் கடந்து ஒரு கடிதம் போய்ச் சேர ஆறு வாரம், எட்டு வாரம் பிடித்த காலம் அது. இந்நிலையில் ஊரிலிருந்த நண்பர்களை அவர் மறந்திருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள்.

1765-ம் வருஷத்தை எடுத்துக்கொள்வோம். முத்திரைக் காகித வரிச் சட்டத்தைப் பார்லிமெண்டு நிறைவேற்றிய வருஷம் அது. பிராங்க்ளினுக்குத் தலைக்கு மேல் வேலை. பிலடெல்பியாவிலோ, மாகாணத்துக்கு உரிமை கொண்டாடிய பென் குடும்பத்தின் கட்சிக்கும் அவர் கட்சிக்கும் மூண்ட சச்சரவு ஜுண்டோவுக்குள்ளும் புகுந்துவிட்டது. பழைய அங்கத்தினரான ஹ்யூ ராபர்ட்ஸ் கூட்டத்துக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். இதை அறிந்த பிராங்க்ளின் லண்டனிலிருந்து ஜூலை மாதத்தில் அவருக்குக் கடிதம் எழுதினார். அரசியல் மனஸ்தாபங்கள் அங்கே தலைகாட்டினாலும் போவதை நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சங்கம் தோன்றி நாற்பது வருஷம் நிறைய இரண்டே வருஷம் குறைவு என்பதை எடுத்துக்காட்டி, எஞ்சியிருப்பவர்கள் சேர்ந்தே இருக்க வேண்டுமென வற்புறுத்தினார்.

இந்தக் கடிதத்தை அவருடைய ராஜதந்திரக் கடிதங்கள் பலவற்றுக்கும் மேலாக நாம் மதிக்கிறோம். அந்தக் கட்சிச் சண்டையில் பிராங்க்ளின் நடுநிலையாளர் அல்லர். ஒரு பக்கத்தின் தலைவர். முந்திய வருஷத் தேர்தலில் எதிர்க்கட்சியார் அவரைத் தோற்கடித்திருந்தார்கள். அப்படியிருந்தும், கட்சி வேறு, வெள்ளிக்கிழமை மாலை வேறு என்று அவர் நினைத்தார். நட்பைப் பற்றிக் கூறப் புகுந்த திருவள்ளுவர், நெடுநாட் பழக்கத்தின் உரிமைக்குப் பழைமை என்று தனி அதிகாரமே வகுத்ததன் காரணம் இத்தகைய இடங்களில் நமக்கு விளங்குகிறது. அந்த வருஷம் செப்டம்பர் மாதத்தில், வரிச் சட்டத்துக்குப் பிராங்க்ளினும் உடந்தை என்ற வதந்தியால் ஜனங்கள் கொதித்து அவர் வீட்டைத் தாக்க எண்ணினார்கள். அவர் மனைவி டெபோரா வீட்டை விட்டு நகர மறுத்துத் துப்பாக்கியோடு காத்து நின்றார். உறவினரும் நண்பர்களும் வந்து துணை நின்றதால் வீடு தப்பியது.

லண்டனிலும் அவர் தனியாய் வாழவில்லை. பதினைந்து நாளுக்கு ஒரு வியாழக்கிழமை ஒரு காப்பிக் கடையில் கூடிய சங்கம் ஒன்றில் தவறாமல் கலந்துகொண்டார். மதகுருவான ரிச்சர்டு பிரைஸ், விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி முதலியோர் அதன் அங்கத்தினர்கள். 1765-ல் அறிமுகமான பிரீஸ்ட்லியை மின்சாரத்தின் சரித்திரத்தை எழுதும்படி ஊக்கி, வேண்டிய நூல்களைத் தேடித் தந்து, கையெழுத்துப் பிரதியையும் படித்துக் கொடுத்தார். 1774 ஜனவரி மாதம் 29-ந் தேதி மந்திராலோசனை சபையின் முன் பிராங்க்ளினை நிறுத்தி, வெட்டர்பர்ன் என்ற அரசாங்க வக்கீல் ஒரு மணி நேரம் வசைமாரி பொழிந்தார். சபையோர் சிரித்தார்கள். பிராங்க்ளின் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் நின்றார். அன்று அந்த மண்டபத்தில் அவருக்காக மனம் நொந்து நின்றவர்களில் பிரீஸ்ட்லியும் ஒருவர். அடுத்த வருஷம் மார்ச்சு மாதத்தில் லண்டனை விட்டுப் புறப்படுவதற்கு முந்திய கடைசி நாளைப் பிராங்க்ளின் பிரீஸ்ட்லியோடேயே கழித்தார். அமெரிக்காவிலிருந்து வந்த பத்திரிகைகளை இருவரும் சேர்ந்து படித்தார்கள். வரப்போகும் போரை எண்ணிப் பிராங்க்ளினின் கன்னத்தில் கண்ணீர் வழிந்ததைப் பிரீஸ்ட்லி எழுதி வைத்திருக்கிறார். பகைவர் சபையில் கலங்காதவர் நண்பர் முன்னிலையில் கலங்கினார்.

போர் மூண்டது. அதுவே அவருடைய நட்பைக் கடுமையாகச் சோதித்த காலம். ஸ்ட்ராஹன் அப்போது பார்லிமெண்டு அங்கத்தினர்; அரசாங்கத்தின் பக்கம் நின்றவர். 1775 ஜூலை 5-ந் தேதி, பங்கர் குன்றுப் போர் நடந்து மூன்று வாரமும் ஆகாத சமயத்தில், அவரைத் தமது பகைவர் என்று கூறிப் பிராங்க்ளின் ஒரு கடிதம் எழுதினார். எழுதினாரே தவிர, அனுப்பவில்லை. சமாதானம் ஏற்பட்ட பின், 1784-ல், இருவரும் பழைய அச்சுத் தொழிலாளிகளாய்ப் பரிகாசமும் பிரியமும் கலந்த கடிதங்கள் எழுதிக்கொண்டார்கள். மறு வருஷம் ஸ்ட்ராஹன் காலமானார். கோபத்தில் எழுதிய கடிதம் மேஜைக்குள்ளேயே கிடந்ததால் நாற்பது வருஷச் சிநேகம் பிழைத்தது.

எல்லா நட்பும் அவ்வாறு பிழைக்கவில்லை. ஜோசப் கேலவே என்பவர் நெடுங்காலம் அரசியலில் அவருக்கு வலக்கையாக இருந்தவர். 1776-ல் பிரான்ஸுக்குப் புறப்பட்டபோது பிராங்க்ளின் தமது கடிதங்களையெல்லாம் அவரிடமே நம்பி ஒப்படைத்தார். கேலவே ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தார். போரின் குழப்பத்தில் அந்தக் கடிதங்கள் பல சிதறிப் பாழாயின. சொந்த மகன் வில்லியம் நியூ ஜெர்ஸியின் கவர்னராக இருந்து அரசனையே ஆதரித்தார். ஸ்ட்ராஹனை மன்னித்த பிராங்க்ளின் மகனை முழுமனத்தோடு மன்னிக்கவே இல்லை.

இதனினும் வருந்தத்தக்கது மனைவியின் விஷயம். டெபோரா கடற் பிரயாணத்துக்கு அஞ்சியவர். அவரை லண்டனுக்கு வரவழைக்க ஸ்ட்ராஹனே கடிதம் எழுதிப் பார்த்தும் அவர் இசையவில்லை. 1764 நவம்பரில் புறப்பட்ட கணவரை அவர் மறுபடி காணவில்லை. நோயுற்று, வரவை எதிர்பார்த்துக் காத்திருந்து, 1774 டிசம்பர் 19-ந் தேதி இறந்தார். லண்டனில் வியாழக்கிழமை நண்பர்களுக்கு நேரம் இருந்தது. பத்து வருஷத்தில் ஒரு முறை வீடு திரும்ப நேரம் இல்லை. பிராங்க்ளினைப் புகழ்பவர்கள் இதை மறைப்பது நியாயம் ஆகாது. பக்கத்தில் இருப்பவர்களோடு கலந்து பழகும் திறமை எவ்வளவு பெரியதாயினும், தூரத்தில் காத்திருப்பவருக்குச் செய்ய வேண்டிய கடமையை அது ஈடு செய்யாது.

பாரிஸ் வாழ்க்கையைச் சுருக்கமாகவே கூறுவோம். 1776 டிசம்பரில் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவருக்கு வயது 70. பாஸி என்ற புறநகரில் தங்கி, அயலார் வீடுகளுக்கு விருந்துக்குச் செல்வதும், சதுரங்கம் ஆடுவதும், மேடம் பிரியான், மேடம் எல்வேஷியஸ் முதலிய நண்பர்களின் இல்லங்களில் மாலைப் பொழுதைக் கழிப்பதுமாக இருந்தார். சக தூதரான ஜான் ஆடம்ஸுக்கு இது பொறுக்கவில்லை. காலையில் தாமதமாக உண்பதும், வருவோர் போவோரோடு பேசுவதும், இரவில் விருந்திலிருந்து திரும்புவதுமே கிழவரின் வேலை, காகிதங்களைப் பார்ப்பதில்லை என்று குறை எழுதினார். கணக்குகளும் காகிதங்களும் ஒழுங்கீனமாய்க் கிடந்தன என்பது உண்மையே. ஆயினும் பிரெஞ்சு மக்கள் அமெரிக்காவை நேசித்ததற்கு அந்தக் கிழவரிடம் கொண்ட பிரியமும் ஒரு பெருங்காரணம். 1778 பிப்ரவரி 6-ந் தேதி நேச உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பணமும் படையும் கப்பல்களும் தொடர்ந்து வந்தன. மற்ற தூதர்கள் பிரெஞ்சு மந்திரியோடு பிணங்கியபோதெல்லாம், பிணக்கைத் தீர்த்தவர் பிராங்க்ளினே.

1785-ல் தாய்நாடு திரும்பும் வழியில் இங்கிலாந்தின் ஸதாம்ப்டன் துறைமுகத்தில் சில நாள் தங்கினார். பிஷப் ஜோனதன் ஷிப்லி குடும்பத்தோடு அங்கே வந்து அவரைக் கண்டு விடைகொடுத்தார். பதினான்கு வருஷத்துக்கு முன், 1771-ல், அந்த ஷிப்லியின் ட்வைபோர்டு கிராமத்து வீட்டில் விருந்தினராய்த் தங்கியிருந்தபோதுதான் பிராங்க்ளின் தமது சுயசரிதையை எழுதத் தொடங்கினார். பலமொழிகளில் பெயர்க்கப்பட்டுக் கோடிக்கணக்கானோர் படித்த அந்நூலும், வேலையை விட்டு நண்பர் வீட்டுக்குப் போன இடத்தில் பிறந்ததே.

கடைசி ஐந்து வருஷங்களில் கல்லடைப்பு நோய் அவரை வாட்டியது. அந்த நிலையிலும் 1787-ல் அரசியல் சட்ட மகாசபையில் அமர்ந்தார். வெளியே செல்ல இயலாமற்போகவே, நண்பர்கள் வந்து கூடுவதற்கென்று வீட்டைப் பெரிதாக்கிக் கட்டினார். தாம் நிறுவிய தத்துவ சங்கத்தின் கூட்டங்களும் அங்கேயே நடந்தன. மாலையில் சீட்டாட்டமும் உண்டு. லண்டனில் அவர் குடியிருந்த வீட்டுக்கார அம்மையின் மகள் பாலி, இளம்பெண்ணாய் இருந்த காலத்திலிருந்து அவரோடு கடிதத்தில் சாஸ்திரம் பயின்றவர். விதவையான பின் 1786-ல் குழந்தைகளோடு பிலடெல்பியாவுக்கே வந்து குடியேறினார். 1790 ஏப்ரல் 17-ந் தேதி பிராங்க்ளின் உயிர் நீத்தபோது அந்தப் பாலி அருகில் இருந்தார்.

இந்தச் சரித்திரத்திலிருந்து பொதுவேலையில் உள்ள நம்மவர் அறியத்தக்கது யாது? ஓய்வு கிடைக்கும்போது நட்பைப் பேணுவோம் என்று பிராங்க்ளின் காத்திருக்கவில்லை. மிகவும் கஷ்டப்பட்ட இருபத்தொன்றாம் வயதில், கடனும் வேலையும் கழுத்தை நெரித்த காலத்தில், வாரத்தில் ஒரு மாலையைக் குறித்தார். அந்த மாலையில் நண்பர்களோடு சேர்ந்து செய்வதற்கு ஒரு காரியமும் வைத்தார். அதனால் நட்பு வேலைக்கு இடையூறு ஆகவில்லை. வேலைக்கு வேண்டிய ஆட்களும், பணமும், எண்ணங்களும் அங்கிருந்தே வந்தன. கட்சிப் பகை புகுந்தபோது சங்கத்தைக் கலைக்கச் சொல்லாமல், போவதை நிறுத்தாதே என்று எழுதினார்.

நமது ஊர்களிலும் ஒரே இயக்கத்தில் தோளோடு தோள் நின்றவர்கள், கொள்கையில் சிறிது வேற்றுமை தோன்றியதும் ஒருவர் வாசற்படியை மற்றவர் மிதிப்பதில்லை. ஒரு தேர்தல் முடிந்தால் பத்துச் சிநேகங்கள் முடிந்துவிடுகின்றன. மேடையில் எதிர்த்துப் பேசுங்கள். அது கடமையாக இருக்கலாம். ஆனால் பழைய தோழர் வீட்டுக்குப் போவதற்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் வேறு வேலை வைக்காதீர்கள். கோபத்தில் எழுதிய கடிதத்தைத் தபாலில் சேர்க்காதீர்கள். வீட்டில் காத்திருப்பவர்களையும் அந்தக் கணக்கில் சேருங்கள். பிராங்க்ளின் செய்யத் தவறியது அது. வேலை ஒருகாலும் முடியாது. அது முடியட்டும் என்று காத்திருந்தால், டெபோரா காத்திருந்த கதையே நம் நண்பர்களின் கதையும் ஆகும்.